காட்டுப்பாக்கம் கால்வாய்க்கு நாடி பார்ப்பது யார்?

2022 நவம்பரில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஓர் அறிக்கை வெளியிட்டது. நாடு முழுக்க 603 ஆறுகளின் நீரைச் சோதித்ததில், 279 ஆறுகளில் 311 பகுதிகள் கெட்டுப்போயிருப்பதாக அதில் பட்டியல் இருந்தது. பட்டியலிலேயே மோசமான எண் நம் கூவத்துக்கு. ஆவடியிலிருந்து சத்யா நகர் வரையிலான பகுதியில் பி.ஓ.டி. அளவு லிட்டருக்கு 345 மில்லிகிராம்.

தண்ணீரில் கலந்த கழிவைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்ற கணக்குதான் பி.ஓ.டி. அது 3-ஐத் தாண்டினாலே அந்தப் பகுதி கெட்டது என்று வாரியம் குறித்துக்கொள்ளும். 30-ஐத் தாண்டினால் முதல் வரிசை அவசரம். சாதாரண வீட்டுச் சாக்கடையிலேயே பெரும்பாலும் 200 முதல் 300 வரைதான் இருக்கும். 345 வந்த இடத்தில் ஓடுவது ஆறா, சாக்கடையா என்று விவாதிக்க ஒன்றுமில்லை.

கூவம் என்றதும் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்ததுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். பட்டியலில் உள்ள பகுதியோ ஆவடியிலேயே தொடங்குகிறது. நகரத்துக்குள் நுழைவதற்கு முன்பே, திருவேற்காடு, அயனம்பாக்கம், மதுரவாயல், நொளம்பூர் என்று மேற்குப் புறநகர் வழியாக வரும்போதே ஆறு நோயாளியாகிவிடுகிறது. ஆறு தானாகக் கெடாது. அதில் வந்து விழும் ஒவ்வொரு கால்வாயும், ஒவ்வொரு மழைநீர் வடிகாலும், இரவில் வால்வைத் திறந்துவிட்டுப் போகும் ஒவ்வொரு கழிவுநீர் லாரியும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஆற்றுக்காவது வாரியத்தின் கண்காணிப்பு நிலையங்கள் உண்டு. நம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயின் தண்ணீரை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்கும் வேலை எந்த அலுவலகத்துக்கும் இல்லை.

அந்த வேலையைப் பள்ளிப் பிள்ளைகள் செய்ய முடியும். உலகத்தில் பல ஊர்களில் செய்திருக்கிறார்கள். காட்டுப்பாக்கத்தில் ஏன் செய்யக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே

மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் ஐயப்பன்தாங்கலைத் தாண்டினால் காட்டுப்பாக்கம், அடுத்து குமணன்சாவடி. மெட்ரோ தூண்களைப் பார்த்தபடி பேருந்தில் போகிறவர்களுக்கு இங்கே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிய வாய்ப்பில்லை. மழைக்காலத்தில் மட்டும் தெரியும். வடக்கே கூவம், தெற்கே அடையாறு, நடுவே மேடு பள்ளம் பார்த்து வெட்டிய ஏரிகளும் வரத்துக் கால்வாய்களும். மாங்காடு, பரணிபுத்தூர் பக்கத்து மழைநீர் போரூர் ஏரியைத் தேடிப் போகும். அங்கே நிரம்பி வழிவது அடையாற்றுக்குப் போகும். மேற்கே இருக்கும் செம்பரம்பாக்கத்தின் கதையை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பரில் அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட இரவு இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு மறக்காது.

வெள்ளத்தை நினைவில் வைத்திருக்கும் நாம் வறட்சியை மறந்துவிடுகிறோம். 2017-ல் ஏரிகள் வறண்டபோது, மாங்காட்டுக்கு அருகே சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல் குவாரிகளில் தேங்கிக் கிடந்த நீரைச் சோதித்துப் பார்த்து, செம்பரம்பாக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரித்துச் சென்னைக்குக் கொடுத்தார்கள். போரூர் ஏரியும் அந்த ஆண்டு கைகொடுத்தது. நேற்று வரை யாரும் சீந்தாத பள்ளத்து நீர் ஒரு கோடையில் குடிநீராகிவிடும் ஊர் இது. எந்த நீர்நிலையில் என்ன கலக்கிறது என்ற கணக்கு இங்கே பொழுதுபோக்கு ஆகாது.

ஆன் ஆர்பர் பிள்ளைகள் செய்தது

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்று ஓர் ஊர். பல்கலைக்கழக ஊர், சுத்தமான ஊர் என்று பெயர். அங்கே ஹியூரான் ஆற்றங்கரையிலேயே ஹியூரான் உயர்நிலைப் பள்ளி. 1984-ல் அந்த ஆற்றில் பாய்ப்பலகை ஓட்டி விளையாடிய மாணவர்கள் சிலருக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஹெபடைட்டிஸ்-ஏ, மலம் கலந்த நீரால் பரவும் வகை. மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்டாப்பின் துணையோடு, உயிரியல் வகுப்பு ஆற்றங்கரைக்கு இடம் மாறியது. பிள்ளைகளே நீரை எடுத்துச் சோதித்தார்கள். மலக் கிருமிகளின் எண்ணிக்கை அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. எண்ணை எடுத்துக்கொண்டு நகர நிர்வாகத்திடம் போனார்கள். மழை பெய்யும்போது பழுதான மழைநீர் வடிகால்கள் வழியே கழிவு ஆற்றுக்குள் இறங்குவது பிறகு தெரிந்தது.

மழைநீர் வடிகாலில் கழிவுநீர்! மிச்சிகனில் நடந்ததா, மேற்கு மாம்பலத்தில் நடந்ததா என்று சந்தேகம் வரும்.

மூன்று ஆண்டு கழித்து, 1987-ல், டெட்ராய்ட் நகரத்து ரூஜ் ஆற்றுக்கு இந்தச் சோதனை முறை போனது. ஃபோர்டு தொழிற்சாலைக் கழிவைச் சுமந்த ஆறு அது. 1969-ல் அதன் மேல் படர்ந்த எண்ணெய் தீப்பிடித்து எரிந்தது. கரையோரப் பள்ளிகள் பல, ஒரே நாளில் ஒரே சோதனைகளைச் செய்து முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தன. ஆற்றின் எந்த வளைவில் எண் தாவுகிறது என்று அப்போதுதான் தெரியும். ஸ்டாப்பும் மார்க் மிட்செலும் எழுதிய களக் கையேடு பின்னர் பல நாடுகளின் பள்ளிகளுக்குப் போனது. கரைந்த ஆக்சிஜன், மலக் கிருமி, கார அமில நிலை, பி.ஓ.டி., வெப்பநிலை வேறுபாடு, பாஸ்பேட், நைட்ரேட், கலங்கல், மொத்தத் திடப்பொருள் என்று ஒன்பது அளவுகள். அவற்றிலிருந்து நூற்றுக்கு ஒரு மதிப்பெண். பிள்ளைகளிடம் மதிப்பெண் வாங்கியே பழகிய பள்ளிக்கூடம், ஆற்றுக்கு மதிப்பெண் போடும் உரிமையைப் பிள்ளைகளிடமே கொடுத்தது.

நம் நாட்டில் முயற்சியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. டெல்லியில் டெவலப்மென்ட் ஆல்டர்நேட்டிவ்ஸ் அமைப்பு 1996-ல் தொடங்கிய கிளீன்-இந்தியா திட்டத்தில், மாணவர்கள் சோதனைப் பெட்டியோடு யமுனைக்கும் குடியிருப்புகளின் அடிபம்புகளுக்கும் போனார்கள். தமிழ்நாட்டில், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைக்கும் குழந்தைகள் அறிவியல் மாநாடு இருக்கிறது. 1993 முதல் நடக்கும் தேசிய நிகழ்வு அது. 10 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையை ஆராய்ந்து, தாய்மொழியிலேயே அறிக்கை எழுதலாம். நம் ஊர்க் குளங்களைப் பற்றியும் வாய்க்கால்களைப் பற்றியும் எழுதிய கையெழுத்து அறிக்கைகள் எத்தனையோ அதில் வந்திருக்கும்.

குறை எங்கே என்றால், அந்த அறிக்கை மாநாட்டோடு முடிந்துவிடும். அடுத்து வேறு தலைப்பு, வேறு குழு. சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும். அளந்த எண்கள் எங்கே போயின என்று கேட்டால் ஆசிரியருக்கே தெரியாது. பள்ளிகளில் இயங்கும் தேசிய பசுமைப் படைக்கும் இதே கதி. மரக்கன்று நடுவார்கள், பேரணி போவார்கள், உலகத் தண்ணீர் தினத்தில் ஓவியப் போட்டி வைப்பார்கள். தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பது அரிது. சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் சொன்னதை நாம் ஒரு பாடப் புத்தகமாகவும் ஒரு தேர்வாகவும் மாற்றி முடித்துவிட்டோம்.

தொடர்ச்சி இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னைக் கடற்கரையிலேயே சாட்சி இருக்கிறது. மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் ஆமைப் பருவத்தின் இரவுகளில் மணலில் நடக்கிறது. எத்தனை முட்டைக் குழி, எத்தனை செத்த ஆமை என்று குறித்துக்கொண்டே வருகிறார்கள். தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் மாறினார்கள், கணக்கு நிற்கவில்லை. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, இது எப்போதும் நடப்பதுதான் என்று யாரும் கைகழுவ முடியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கணக்கு இருந்தது.

டி.டி.எஸ். மீட்டர் போதாது

புறநகர் வீடுகளில் தண்ணீர் பற்றிய பேச்சு எதுவானாலும் டி.டி.எஸ். என்ற மூன்றெழுத்தில் போய் நிற்கும். ஆர்.ஓ. விற்பவர் பேனா போன்ற மீட்டரை முக்கி எடுத்துக் காட்டிப் பழக்கிவிட்டார். அந்த மீட்டரைக் கால்வாயில் முக்கினால் ஏமாந்துபோவோம். அது காட்டுவது கரைந்த உப்பை மட்டும். ஆழ்குழாய் நீர் 1,200 காட்டி, சாக்கடை 900 காட்டினால் எது நல்ல தண்ணீர்?

கால்வாய் உயிரோடு இருக்கிறதா என்று சொல்வது கரைந்த ஆக்சிஜன். குளிப்பதற்கு ஏற்ற நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். மீன் பிழைக்க 4 என்று வாரியம் வரையறுத்திருக்கிறது. நம் ஊர்ச் சூட்டில் இதற்கே பாடு. 10 டிகிரி குளிரில் நல்ல தண்ணீர் 11 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அதிகபட்சமே ஏழரைதான். மிச்சிகன் ஆற்றுக்கு இருக்கும் சேமிப்பு நம் கால்வாய்க்குக் கிடையாது; அதே அளவு கழிவு இங்கே சீக்கிரம் கொல்லும். கோடை முடிந்து முதல் பெருமழை அடித்த மறுநாள் ஏரிகளில் மீன்கள் செத்து மிதப்பதும் இதனால்தான். வடிகாலில் மாதக்கணக்கில் தேங்கிய அழுக்கையெல்லாம் மழை ஒரே தள்ளாகத் தள்ளிவிட, இருந்த கொஞ்ச ஆக்சிஜனும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது.

ஆக்சிஜனை அளக்கும் முறை புதிதல்ல. ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்லர் 1888-ல் வகுத்தது. காற்றுக் குமிழி புகாமல் குப்பியில் நீரைப் பிடித்து, மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டால், ஆக்சிஜன் இருக்கும் நீரில் பழுப்பு நிறத்தில் வீழ்படிவு இறங்கும். வெள்ளையாகவே நின்றால் தண்ணீர் செத்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அமிலம் விட்டு, ஸ்டார்ச் சேர்த்து, தயோசல்பேட்டால் டைட்ரேஷன். பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்குப் பியூரெட்டும் பிப்பெட்டும் பிடிக்கும் பிள்ளைகளுக்கு இது புதுவித்தை இல்லை. காரமும் அடர் அமிலமும் கையாள வேண்டியிருப்பதால் ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பி.ஓ.டி. அளவும் பள்ளிக்கு எட்டாததல்ல. ஐந்து நாள், 20 டிகிரி என்பது பல நாடுகளில் வழங்கும் கணக்கு. இந்தியத் தரநிலை நம் வெப்பத்துக்கு ஏற்ப மூன்று நாள், 27 டிகிரி என்று மாற்றிக்கொண்டது. குப்பியை இருட்டில் மூன்று நாள் வைத்து, முதல் நாள் ஆக்சிஜனுக்கும் மூன்றாம் நாள் ஆக்சிஜனுக்கும் வித்தியாசம் பார்த்தால் விடை. கால்வாய் நீர் மிகவும் அழுக்காக இருந்தால் நல்ல நீர் கலந்து நீர்க்கச் செய்ய வேண்டும். இல்லையென்றால் மூன்றாம் நாள் அளக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

இன்னொரு சூட்சுமம் நேரம். பாசியும் நீர்ச்செடியும் பகலில் ஆக்சிஜனை விடும், இரவில் இழுத்துக்கொள்ளும். ஒரே தண்ணீர் பிற்பகல் மூன்று மணிக்கு ஆரோக்கியமாகத் தெரிந்து, விடியற்காலையில் மூச்சுத் திணறும். ஒரு மாதம் காலையிலும் அடுத்த மாதம் மதிய உணவுக்குப் பிறகும் போய் அளந்துவிட்டு, கால்வாய் தேறிவிட்டது என்று அறிக்கை எழுதினால் அது பொய். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே முறை. சலிப்பூட்டும் வேலைதான். அறிவியலில் பாதி இந்தச் சலிப்புதான்.

புழுக்கள் சொல்லும் சாட்சி

ஆய்வகம் இல்லாத நடுநிலைப் பள்ளிக்கும் ஒரு வழி உண்டு. வலையால் அடிச்சேற்றை அள்ளி, வெள்ளைத் தட்டில் கொட்டி, எவை நெளிகின்றன என்று பார்ப்பது. வாலில் மூன்று இழையோடு இருக்கும் மேஃபிளை குஞ்சு நல்ல தண்ணீரில்தான் பிழைக்கும். தட்டானின் குஞ்சும் ஊசித்தட்டானின் குஞ்சும் கொஞ்சம் அழுக்கைத் தாங்கும். ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாத சேற்றில் மிஞ்சுவது சிவப்பு ரத்தப்புழுவும் டியூபிஃபெக்ஸும்தான். இரண்டுக்கும் உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் கிடைக்கிற சொற்ப ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்கின்றன. மீன் தொட்டிக்காரர்கள் வாங்கித் தீனியாகப் போடும் அதே புழுக்கள்தான். பிரிட்டனில் 1970-களில் இந்த உயிரினங்களுக்குக் குடும்ப வாரியாக மதிப்பெண் கொடுத்து ஒரு முறை உருவாக்கினார்கள். நம் மத்திய வாரியமும் அதை நம் நீர்நிலைகளுக்குத் தக்கபடி எடுத்துக்கொண்டது.

வேதிச் சோதனை அந்த நிமிடத்துத் தண்ணீரைத்தான் காட்டும். ராத்திரி லாரி வந்து கொட்டிவிட்டுப் போயிருந்தால், மதியம் எடுக்கும் மாதிரியில் அது அகப்படாமல் போகலாம். புழுக்களோ அங்கேயே வாரக்கணக்கில் குடியிருப்பவை. நடந்ததெல்லாம் அவற்றின் மேல்தான் நடந்திருக்கும்.

இங்கே ஒரு வாதம் வரும். கரையோரத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். “தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்க, மீன் துள்ளுதே!” என்பார். துள்ளுவது என்ன மீன் என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தியும், தொட்டியிலிருந்து தப்பிவந்த சக்கர் மீனும் மேலே வந்து காற்றையே சுவாசிக்கக் கூடியவை. ஜிலேபிக் கெண்டை எதையும் தாங்கும். இந்த மூன்று மட்டும் இருப்பது நல்ல அறிகுறி இல்லை; மற்றவை போய்விட்டன என்ற தகவல்.

மலக் கிருமிக்கு நம் நாட்டிலேயே பிறந்த எளிய சோதனை உண்டு. குவாலியரில் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 1982-ல் வெளியிட்டது. வேதிப்பொருள் தோய்த்த காகிதம் உள்ள குப்பியில் நீரை ஊற்றி வைத்தால், கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். கால்வாய் நீரில் கறுக்கும் என்பது தெரிந்ததுதான். அதனால் அந்தக் குப்பியைக் கால்வாயை ஒட்டிய வீடுகளின் கிணற்றுக்கும் ஆழ்குழாய்க்கும் கொண்டுபோக வேண்டும். பாதாளச் சாக்கடை முழுதாக எட்டாத இடங்களில், செப்டிக் டேங்கும் கிணறும் கால்வாயும் சில அடி இடைவெளியில் இருக்கும்போது, ஊர் தெரிந்துகொள்ள வேண்டிய விடை அங்கேதான் இருக்கிறது.

நோட்டுப் புத்தகமும் கிராம வரைபடமும்

தண்ணீரில் கைவைக்கும் முன் நடக்க வேண்டும். கால்வாய் எங்கே தொடங்குகிறது, எந்தத் தெருவில் சிமென்ட் பலகைக்கு அடியில் மறைகிறது, எத்தனை குழாய்கள் வந்து விழுகின்றன, மழை இல்லாத நாளிலும் ஒழுகுவது எது? மழையே பெய்யாத ஏப்ரலில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது என்ன தண்ணீர் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். கிராம வரைபடத்தையும் நில விவரம் உள்ள ‘அ’ பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வாய்க்கால் புறம்போக்கு என்று எழுதியிருக்கும் இடத்தில் இப்போது என்ன நிற்கிறது என்பதும் தெரியும். அதற்கு மேல் பிள்ளைகள் போகக் கூடாது. ஆக்கிரமிப்பைத் தட்டிக் கேட்பதும் லாரியை மறிப்பதும் பெரியவர்கள் வேலை. பிள்ளைகளை முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வது கோழைத்தனம்.

பெற்றோரின் பயமும் நியாயமானது. எலிக்காய்ச்சல் உண்டு, காமாலை உண்டு, மழைக்கால நீரோட்டத்தின் இழுப்பும் உண்டு. யாரும் கால்வாயில் இறங்க வேண்டியதில்லை. பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிய வாளியில் மொண்டால் போதும். சேற்றை அள்ளும் வலைக்கு நீளமான கம்பு. அதைப் பிடிப்பது பெரியவர். கையுறை, சோப்பு, வெள்ளம் வரும் நாட்களில் விடுமுறை. அமோனியா பார்க்கும் நெஸ்லர் கரைசலில் பாதரசம் இருப்பதால் அது பள்ளிக்கு வேண்டாம்.

பிள்ளைகள் எடுத்த எண் நீதிமன்றத்தில் நிற்குமா? நிற்காது. 1974-ம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, ஆலைக் கழிவின் மாதிரியை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி முறைப்படி அறிவிப்புக் கொடுத்து எடுத்து, இரண்டு பங்காக்கி, சீல் வைத்து அனுப்பினால்தான் அது சாட்சியம். ஆனால் அந்த அதிகாரி எந்தப் பாலத்துக்கு, எந்தக் கிழமை வந்தால் பிடிபடும் என்று சொல்ல யாராவது வேண்டுமே. இரண்டு வருட நோட்டுப் புத்தகம் அதைச் சொல்லும். கைபேசியில் எடுத்த நுரைப் படத்துக்கு “ஒருநாள் அப்படி இருந்திருக்கும்” என்று பதில் சொல்லிவிடலாம். இருபத்துநாலு மாத எண்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

வைக்க ஓர் அவையும் தயாராக இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கூடுகிறது. நகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்குப் பகுதி சபை. அங்கே ஒன்பதாம் வகுப்பு மாணவி எழுந்து, போன மார்ச்சில் ஆக்சிஜன் இவ்வளவு, இந்த மார்ச்சில் இவ்வளவு, எண் விழுவது இந்தப் பாலத்துக்கும் அந்தப் பாலத்துக்கும் இடையில் என்று வாசித்தால், தீர்மானப் புத்தகத்தில் ஏறியே தீர வேண்டும்.

காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், குமணன்சாவடிப் பக்கத்துத் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். ஆகஸ்டிலேயே உங்கள் பள்ளிக்கு அருகில் உள்ள பாலம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மழைக்கு முன் இரண்டு அளவாவது கையில் இருந்தால்தான் மழை என்ன கொண்டுவந்தது என்று தெரியும். நோட்டை மாணவர் பெயரில் திறக்காமல் பாலத்தின் பெயரில் திறங்கள். இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்துப் போகிறவர்கள் அடுத்த ஆண்டு வருகிறவர்களிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். முதல் ஆண்டு எண்களை வைத்து விழா எடுக்காதீர்கள். மூன்றாம் ஆண்டு எண்களோடு மாநில வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள்.